வண்ணப் பறவைகளை இனங்கண்ட வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பகுதியில், மே மாதக் காலை ஒன்றில், நாட்டுப்புறச் சாலை வழியே நீங்கள் நடந்து செல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். வேலியோரப் புதருக்கு மேலே, மின்கம்பியில், நம் ஊர்ச் சிட்டுக்குருவியைவிடச் சற்றுச் சிறிய பறவை ஒன்று அமர்ந்து விடாமல் பாடுகிறது. வெயில் படும்போது அதன் உடல் முழுவதும் ஆழ்ந்த நீலம். மேகம் ஒன்று வந்து வெயிலை மறைக்கிறது. நீலம் போய்விடுகிறது, பறவை ஏறத்தாழக் கறுப்பாகத் தெரிகிறது. அந்நேரத்தில் புதருக்குள்ளிருந்து அதே அளவுள்ள பழுப்புப் பறவை ஒன்று வெளிப்பட்டுப் புல்லின் விதையைக் கொத்துகிறது. நீலப் பறவை எது? பழுப்புப் பறவை அதன் பெடையா, அல்லது வேறோர் இனமா?

இன்று அந்நாட்டுப் பள்ளி மாணவன்கூடக் கையேடு ஒன்றைப் புரட்டி இக்கேள்விக்குச் சில நிமிடங்களில் விடை கூறிவிடுவான். ஆனால் 1750-இல் ஐரோப்பாவின் தலைசிறந்த அறிஞருக்கும் இது எளிதன்று. 1850-இல் கேட்டிருந்தால், விடை சொல்வதற்கு முன் அறிஞர் அந்தப் பறவையைச் சுட்டு வீழ்த்தியிருப்பார். பறவையைக் கொல்லாமல், கூண்டில் அடைக்காமல், பார்த்த இடத்திலேயே அதன் பெயரைச் சொல்ல மனிதன் எவ்வாறு கற்றுக்கொண்டான்? அந்த வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

யார் இந்தப் பறவைகள்?

நெல்லையும் தினையையும் கொத்தும் நம் தூக்கணாங்குருவியின் அலகைக் கவனித்திருப்பீர்கள். அடியில் பருத்து நுனியில் கூர்ந்த கூம்பு வடிவம் அது. விதையின் ஓட்டை உடைக்க ஏற்ற கருவி. அமெரிக்கக் கண்டங்களிலும் இத்தகைய அலகு கொண்ட பாடும் பறவைகள் பல உண்டு. அவற்றுள் சில, உலகிலேயே மிக அழகிய வண்ணங்களைக் கொண்டவை.

கார்டினல் பறவையின் ஆண், கொண்டை முதல் வால் வரை சிவப்பு. முகத்தில் மட்டும் கறுப்பு. கத்தோலிக்கத் திருச்சபையின் கார்டினல்கள் அணியும் செந்நிற அங்கியே அதற்குப் பெயர் தந்தது. இண்டிகோ பண்டிங், அவுரிச் சாயத்தின் நீலம். லாசுலி பண்டிங்கின் தலை வான்நீலம், மார்பு இளஞ்செம்மஞ்சள், வயிறு வெள்ளை. நீல குரோஸ்பீக்கும் நீலமே. ஆனால் சற்றுப் பெரியது, சிறகில் செம்பழுப்புப் பட்டைகள் கொண்டது. 'குரோஸ்பீக்' என்றால் பருத்த அலகு என்பது பொருள். ரோஸ்மார்பு குரோஸ்பீக், கறுப்பும் வெள்ளையுமான உடலில் மார்பில் மட்டும் ரோஜா நிற முக்கோணம் தாங்கியது. இவை யாவற்றையும் மிஞ்சுவது பெயின்டட் பண்டிங். அதை வண்ணப் பண்டிங் என்று அழைப்போம். நீலத் தலை, பச்சை முதுகு, செந்நிற வயிறு ஆகிய மூன்றையும் ஒரே சிற்றுடலில் கொண்ட அதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் 'ஈடற்றது' என்னும் பொருள்படும் பெயரையே சூட்டினர்.

இவ்வளவு தெளிவான வண்ணங்கள் இருக்கும்போது அடையாளம் காண்பதில் என்ன சிக்கல் என்று நீங்கள் எண்ணலாம். சிக்கலே அந்த வண்ணத்தில்தான் இருந்தது.

கேட்ஸ்பியின் ஓவியங்கள்

மார்க் கேட்ஸ்பி என்னும் ஆங்கிலேயர் 1722-இல் தென் கரோலினாவின் சார்லஸ்டன் நகரில் வந்திறங்கினார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அப்பகுதியின் காடுகளிலும் சதுப்பு நிலங்களிலும், பின்னர் பகாமாத் தீவுகளிலும் திரிந்து, செடிகளையும் விலங்குகளையும் வரைந்தார். இங்கிலாந்து திரும்பிய பிறகு அவற்றை நூலாக வெளியிட முயன்றபோது, ஓவியங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கும் கலைஞர்களுக்குக் கொடுக்க அவரிடம் பணம் இல்லை. ஆகவே அக்கலையைத் தாமே கற்றுக்கொண்டார். 1729 முதல் 1747 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய நூலில் 220 படத் தகடுகள் உள்ளன.

அந்நூலில்தான் சிவப்புக் கார்டினலும், நீல குரோஸ்பீக்கும், வண்ணப் பண்டிங்கும், இண்டிகோ பண்டிங்கும் ஐரோப்பியர் பலருக்கு முதன்முதலாகக் காட்சி தந்தன. பறவையைத் தனியே வரையாமல், அது வாழும் இடத்துச் செடியோடு சேர்த்து வரைந்தது கேட்ஸ்பியின் தனிச்சிறப்பு. எனினும் பெயரிடுவதில் அவருக்கு ஒழுங்கான முறை எதுவும் இல்லை. 'சிவப்புப் பறவை', 'நீல லின்னெட்' என்று தம் நாட்டுப் பறவைகளோடு ஒப்பிட்டுப் பெயர் வைத்தார். லின்னெட் என்பது இங்கிலாந்தில் வாழும் வேறொரு சிறுகுருவி. ஊர் விட்டு ஊர் சென்றவர், புதிய இடத்தில் காணும் காயைப் பழகிய காயின் பெயரால் அழைப்பது போன்றதே இது. பண்டிங், குரோஸ்பீக் என்ற பெயர்களும் அவ்வாறே ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவைதாம். அப்பெயர்கள் உண்டாக்கிய குழப்பம் இன்றுவரை முழுதும் நீங்கவில்லை.

மூன்று அறைகளில் ஒரு குடும்பம்

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் ஒருநாளும் அமெரிக்கா சென்றதில்லை. ஆனால் கேட்ஸ்பியின் நூல் அவர் மேசைமீது இருந்தது. ஒவ்வோர் உயிருக்கும் பேரினப் பெயர், சிற்றினப் பெயர் என இரு சொற்களால் பெயரிடும் முறையை விலங்குகளுக்கு அவர் 1758-இல் நிலைநாட்டியபோது, கேட்ஸ்பியின் பறவைகள் பலவற்றுக்கும் அப்படங்களையும் விளக்கங்களையும் துணையாகக் கொண்டே பெயர் சூட்டினார்.

பறவைகளைப் பிரிக்க லின்னேயஸ் பெரிதும் நம்பியது அலகின் வடிவத்தை. ஆகவே பருத்த அலகுள்ள கார்டினலும் நீல குரோஸ்பீக்கும் லாக்சியா என்ற பேரினத்தில் வைக்கப்பட்டன. வண்ணப் பண்டிங், ஐரோப்பியப் பண்டிங்குகளின் பேரினமான எம்பெரிசாவில் சேர்ந்தது. 1766-இல் வெளிவந்த பதிப்பில் இண்டிகோ பண்டிங், டனாகிரா என்ற மூன்றாவது பேரினத்துக்குப் போயிற்று. ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுள்ள பறவைகள் மூன்று வெவ்வேறு அறைகளில் அடைபட்டன. இதற்காக லின்னேயஸைக் குறை கூறுவது முறையன்று. கையில் படமும், உலர்ந்த தோலும் மட்டுமே கொண்டு வேலை செய்தவர் அவர். அலகை நம்பலாம் என்று அவர் கருதியதில் நியாயம் இருந்தது. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்பதைப் பின்னர் பார்ப்போம்.

ஆணும் பெண்ணும்

நிறத்தை மட்டும் நம்பியவர்களுக்கு இன்னும் பெரிய ஏமாற்றம் காத்திருந்தது. நம் தூக்கணாங்குருவியின் ஆண், கூடு கட்டும் பருவத்தில் தலையிலும் மார்பிலும் பொன்மஞ்சள் பூண்டு நிற்கும். பருவம் கழிந்ததும் பெடையைப் போலவே மங்கிவிடும். அமெரிக்கப் பண்டிங்குகளிலும் இத்தகைய மாற்றங்கள் உண்டு. இண்டிகோ பண்டிங்கின் ஆண், குளிர்காலத்தில் பெரும்பாலும் பழுப்பு. பெடை ஆண்டு முழுவதும் பழுப்பு. ஓராண்டே நிரம்பிய இளம் ஆண், நீலமும் பழுப்பும் திட்டுத்திட்டாகக் கலந்த ஒட்டுப்போட்ட துணி போன்றது.

வண்ணப் பண்டிங்கின் பெடையோ பச்சை. இளம் ஆணும் முதல் இனப்பெருக்கப் பருவம் முழுவதும் பச்சையாகவே இருந்து, அதன் பிறகே மூவண்ணமும் பெறுகிறது. ஆகவே பச்சைப் பறவை ஒன்று பாடக் கண்டால், அது பெடையன்று, இளைய ஆண் என்று ஊகிக்கலாம். கார்டினலில் இந்த ஊகமும் செல்லாது; அங்கே பெடையும் நன்றாகவே பாடும்!

இத்தகைய வேறுபாடுகள் தெரியாதபோது, ஆணையும் பெண்ணையும் இரு வேறு சிற்றினங்களாகப் பெயரிடுவது எளிதில் நேரும் பிழை. ஐரோப்பாவில் அன்றாடம் காணும் காட்டு வாத்தின் ஆணுக்கும் பெடைக்குமே லின்னேயஸ் இரு வேறு பெயர்கள் வைத்துவிட்டார். வீட்டுக் குளத்து வாத்திலேயே இது நேர்ந்ததென்றால், கடல் கடந்த நாட்டுச் சிறுகுருவிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

துப்பாக்கியும் கூண்டும்

இக்குழப்பத்தைத் தீர்க்க 19-ஆம் நூற்றாண்டு கண்ட வழி, ஏராளமாகச் சுட்டுச் சேகரிப்பதுதான். ஜான் ஜேம்ஸ் ஆடுபான் 1827 முதல் 1838 வரை வெளியிட்ட 'அமெரிக்கப் பறவைகள்' நூலின் 435 வண்ணத் தகடுகள் உலகப் புகழ் பெற்றவை. அவற்றில் பறவைகள் உயிரோடு துள்ளுவது போலத் தோன்றும். ஆனால் அவர் வரைந்த பறவைகள் பெரும்பாலும் சுடப்பட்டு, கம்பிகளால் உயிருள்ளவை போல நிறுத்தி வைக்கப்பட்டவை.

அறிஞர் கை துப்பாக்கியைத் தேடியபோது, வணிகர் கை கூண்டைத் தேடிற்று. வண்ணப் பண்டிங்கின் அழகே அதற்குப் பகையாயிற்று. 1841-இல் ஆடுபான் எழுதிய செய்தியின்படி, ஒவ்வொரு வசந்த காலத்திலும் ஆயிரக்கணக்கான பண்டிங்குகள் பிடிக்கப்பட்டு நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்திலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. அங்கே அவற்றின் விலை நூறு மடங்குக்கும் மேல். பிடிக்கும் முறையையும் அவர் விளக்கியிருக்கிறார். ஆண் பறவை ஒன்றைக் கொன்று, சண்டைக்கு நிற்பது போலப் பாடம் செய்து பொறிக் கூண்டின்மேல் வைப்பார்கள். தன் எல்லைக்குள் வேறோர் ஆண் வந்துவிட்டதாக எண்ணி உயிருள்ள பறவை பாய்ந்து வந்து தாக்கும், பொறியில் அகப்படும். தன் இனத்தின் நிறத்தைப் பறவை சரியாக அடையாளம் கண்டுகொண்டது, அதனாலேயே சிறைப்பட்டது. சிவப்புக் கார்டினலும் இதுபோலவே 'வர்ஜீனியா நைட்டிங்கேல்' என்ற பெயரில் ஐரோப்பிய வீடுகளின் கூண்டுகளை அடைந்தது.

அறிவியலின் போக்கு இதிலிருந்து வெகுவாக வேறுபடவில்லை. எலியட் கூஸ் என்ற அமெரிக்கப் பறவையியல் அறிஞர் 1872-இல் வட அமெரிக்கப் பறவைகளை இனங்காணும் திறவுகோல் ஒன்றை வெளியிட்டார். 'அலகு இப்படியா? ஆமெனில் அடுத்த கேள்விக்குச் செல்க. இல்லையெனில் இங்கே செல்க' என்று படிப்படியாக விடைக்கு அழைத்துச் செல்லும் சிறந்த முறை அது. ஆனால் சிறகின் நீளத்தை அளக்கவும், அலகின் விளிம்பை ஆராயவும் பறவை கையில் இருந்தாக வேண்டும். கையில் இருக்க வேண்டுமானால் அது இறந்திருக்க வேண்டும். 1874-இல் எழுதிய களநூலில் அவர் இரட்டைக்குழல் துப்பாக்கியையே முதன்மைக் கருவியாகக் கூறினார். மிகச் சாதாரணமாக எங்கும் பரவியிருப்பவை நீங்கலாக, ஒவ்வோர் இனத்திலும் ஐம்பது, நூறு என்ற அளவில் சேகரிக்கலாம் என்பது அவர் கருத்து.

இம்முறையைக் கொடுமை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. வயது, பால், பருவம் ஆகியவற்றுக்கேற்ப நிறம் எவ்வாறு மாறுகிறது என்பது அருங்காட்சியகங்களின் இழுப்பறைகளில் வரிசையாக அடுக்கிய தோல்களை ஒப்பிட்டபோதுதான் தெளிவாயிற்று. அந்த அறிவு பிற்காலத்தில் துப்பாக்கியே வேண்டாத நிலைக்கு வழிகோலியது.

ஒரே ஒரு பறவை

ஆனால் கையில் பறவை இருந்தும் விடை கிடைக்காத ஒரு நிகழ்ச்சி உண்டு. 1833-ஆம் ஆண்டு மே மாதம், பென்சில்வேனியா மாநிலத்தின் செஸ்டர் மாவட்டத்தில், ஜான் கெர்க் டவுன்செண்ட் என்னும் இளைஞர் பண்டிங் போன்ற பறவை ஒன்றைச் சுட்டார். அது அறிந்த எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை. 1834-இல் ஆடுபான் அதைப் புதிய சிற்றினமாக அறிவித்து, டவுன்செண்ட் பண்டிங் என்று பெயரிட்டார். அதன் பிறகு அத்தகைய பறவையை எவரும் சேகரிக்கவில்லை. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படும் அந்த ஒரே பாடம் செய்த பறவை, ஓர் இனத்தின் கடைசி உறுப்பினரா? கலப்பினமா? அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக வாதிட்டனர்.

விடையைப் புரிந்துகொள்ள, இறகின் நிறம் எவ்வாறு உண்டாகிறது என்பதை நாம் அறிய வேண்டும். கறுப்பும் பழுப்பும் மெலனின் என்ற நிறமியால் வருகின்றன. இதைப் பறவையின் உடலே செய்துகொள்கிறது. மஞ்சளும் சிவப்பும் கரோட்டினாய்டு என்ற நிறமிகளால் வருபவை. காரட்டுக்கு நிறம் தருபவையும் இவ்வகையினவே. இவற்றைப் பறவை தானே உண்டாக்க இயலாது. உணவிலிருந்து பெற வேண்டும். பழங்களிலும் விதைகளிலும் கிடைக்கும் மஞ்சள் நிறமியை, ஒரு நொதியின் துணையால் சிவப்பாக மாற்றிக்கொள்ளும் வல்லமை கார்டினல் போன்ற பறவைகளுக்கு உண்டு. பறவைகளில் இந்த மாற்றத்துக்குப் பொறுப்பான மரபணு 2016-இல் அடையாளம் காணப்பட்டது. மிக அரிதாக, சிவப்புக்கு மாறாக மஞ்சள் நிறமாகவே காணப்படும் கார்டினல்களும் உண்டு.

நீலத்தின் கதை வேறு. பண்டிங்கின் இறகில் நீல நிறமி ஒரு துளியும் இல்லை. இறகின் நுண்ணிய உள்ளமைப்பு, ஒளியில் நீலத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறது. ஆகவேதான் வெயில் மறைந்ததும் நம் பறவை கறுத்துப் போயிற்று. அந்த இறகை நசுக்கித் தூளாக்கினால் நீலம் மறைந்துவிடும். எஞ்சுவது மங்கிய பழுப்பே.

இப்போது டவுன்செண்டின் பறவைக்குத் திரும்புவோம். அமெரிக்கப் புல்வெளிகளில் டிக்சிஸ்ஸல் என்ற விதையுண்ணும் பறவை வாழ்கிறது. அதன் மார்பிலும் புருவத்திலும் மஞ்சள் உண்டு. அந்த மஞ்சளை மட்டும் நீக்கிவிட்டால் எஞ்சுவது டவுன்செண்ட் பண்டிங்கின் தோற்றம்! 2014-இல் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் ஏறத்தாழ அதே தோற்றமுடைய பறவை ஒன்று படம் பிடிக்கப்பட்டது. அது மஞ்சள் நிறமி இல்லாத டிக்சிஸ்ஸல் என்று ஆய்வாளர்கள் கருதினர். ஏறத்தாழ 180 ஆண்டுகள் புதிராக நின்ற 'சிற்றினம்', பெரும்பாலும் ஒரு நிறமியின் குறைவே என்று இன்று கருதப்படுகிறது. ஒரு பறவையைக் கொண்டு ஓர் இனத்தை நிறுவுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

கண்ணாடி கையில் வந்தது

1886-இல் பிராங்க் சாப்மன் என்ற பறவையியலார் நியூயார்க் நகரின் கடைத்தெருக்களில் நடந்து, பெண்கள் அணிந்திருந்த தொப்பிகளைக் கணக்கெடுத்தார். பார்த்த 700 தொப்பிகளில் 542 தொப்பிகளை இறகுகள் அலங்கரித்தன. அவற்றில் 40 இனப் பறவைகளை அவரால் அடையாளம் காண முடிந்தது. சில தொப்பிகளில் முழுப் பறவையே பாடம் செய்து வைக்கப்பட்டிருந்தது. இனங்காணும் அறிவு முதன்முறையாகப் பறவையின் சார்பில் சாட்சி சொல்லியது எனலாம்.

இந்நிலையை எதிர்த்தவர்களுள் ஒருவர் புளோரன்ஸ் மெரியம். 1889-இல் அவர் வெளியிட்ட நூலின் பெயரே அதன் நோக்கத்தைக் கூறும்: 'ஆபரா கண்ணாடியின் வழியே பறவைகள்'. நாடகம் பார்க்கப் பயன்படும் சிறு கண்ணாடியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குச் செல்லுங்கள். பறவையைச் சுடாமலேயே அதை அறியலாம் என்று அவர் கற்பித்தார். 1900-இல் சாப்மன் மற்றொரு வழக்கத்தைத் தொடங்கினார். கிறிஸ்துமஸ் நாளில் பறவைகளைச் சுட்டு விளையாடும் பழக்கத்துக்கு மாற்றாக, அன்று பறவைகளை எண்ணுவோம் என்றார். முதல் ஆண்டில் 25 இடங்களில் 27 பேர் எண்ணினர். அவ்வழக்கம் இன்றுவரை தொடர்கிறது.

சட்டமும் துணைக்கு வந்தது. ஐக்கிய நாடுகளுக்கும், கனடாவின் சார்பில் பிரிட்டனுக்கும் 1916-இல் உடன்பாடு ஏற்பட்டது. 1918-இல் வலசைப் பறவைகள் சட்டம் பிறந்தது. பட்டியலில் உள்ள பறவைகளைப் பிடிப்பதும், விற்பதும், கூண்டில் வளர்ப்பதும் குற்றமாயின. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: சட்டம் காப்பது பெயருள்ள பறவையை. எந்தப் பறவை எது என்று திட்டமாகச் சொல்ல முடியாவிட்டால் பட்டியலும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

இனங்காணும் கலையைப் பொதுமக்கள் கையில் கொண்டு சேர்த்தவர் ரோஜர் டோரி பீட்டர்சன். 1934-இல் அவர் தம் கள வழிகாட்டியை வெளியிட்டபோது அவருக்கு வயது 25. பதிப்பாளர் பலர் மறுத்த அந்நூலை, அச்சிட இசைந்த நிறுவனமும் 2,000 படிகளே அச்சிட்டது. அவை சில நாட்களில் விற்றுத் தீர்ந்தன. பீட்டர்சன் செய்தது எளிய செயல். இறகு ஒவ்வொன்றையும் வரையாமல், தொலைவிலிருந்து பார்த்தால் பறவை எப்படித் தெரியுமோ அப்படி வரைந்தார். ஒத்த தோற்றமுடையவற்றை ஒரே பக்கத்தில், ஒரே நிலையில் நிறுத்தினார். ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கும் அடையாளத்தை மட்டும் சிறு கோடிட்டுக் காட்டினார்.

நம் மின்கம்பிப் பறவையை இம்முறையில் பார்ப்போம். உடல் முழுதும் நீலம். அலகு மெல்லியதாக இருந்தால் பூச்சியுண்ணும் புளூபேர்டு என்று ஐயுறலாம். இதன் அலகோ கூம்பு. எனவே விதையுண்ணி. சிறகில் செம்பழுப்புப் பட்டை உண்டா? இல்லை, ஆகவே நீல குரோஸ்பீக் அன்று. மார்பில் செம்மஞ்சளும் சிறகில் வெண்பட்டையும் உண்டா? இல்லை, லாசுலி பண்டிங்கும் அன்று. எஞ்சுவது இண்டிகோ பண்டிங். அருகில் அதே அளவும் அதே அலகும் கொண்ட பழுப்புப் பறவை பெரும்பாலும் அதன் பெடை. பறவைக்கு ஓர் இறகும் உதிராமல் விடை கிடைத்துவிட்டது!

எல்லை தாண்டியவை

கையேடு தந்த தெளிவைக் குலைக்கும் இடம் ஒன்று உண்டு. இண்டிகோ பண்டிங் கிழக்கே வாழ்வது. லாசுலி பண்டிங் மேற்கே வாழ்வது. இடையே பெரும் பிரெய்ரி புல்வெளி மரமின்றிப் பரந்து கிடந்தது. புதரும் மரமும் நாடும் இப்பறவைகளுக்கு அது கடக்க முடியாத வேலி. குடியேறிய மக்கள் புல்வெளித் தீயை அடக்கினர். பண்ணைகளைச் சுற்றி மரம் வளர்த்தனர். வேலி உடைந்தது, இரு பண்டிங்குகளும் சந்தித்தன. சார்லஸ் சிப்லி, லெஸ்டர் ஷார்ட் ஆகிய இருவரும் 1959-இல் வெளியிட்ட ஆய்வு, அவ்விடத்தில் இரு நிறங்களும் பலவாறு கலந்த கலப்பினப் பறவைகள் தோன்றியுள்ளதைக் காட்டிற்று. இரண்டும் ஒரே சிற்றினம்தானோ என்ற கேள்வி எழுந்தது.

பாட்டைக் கேட்டு முடிவு செய்யலாமே என்றால் அதுவும் இயலவில்லை. இளம் பண்டிங்குகள் அண்டை ஆண்களிடமிருந்து பாட்டைக் கற்கின்றன. இரண்டும் கலந்து வாழும் இடத்தில் சில பறவைகள் இரு பாட்டுகளையும் கலந்தே பாடுகின்றன! பின்னர் நடந்த ஆய்வுகளில், சந்திக்கும் இடத்திலும் பெரும்பாலானவை தம் இனத்தோடேயே இணை சேர்வது தெரிந்தது. ஆகவே இரண்டும் தனித்தனிச் சிற்றினங்களாகவே கருதப்படுகின்றன.

மரபணு தந்த தீர்ப்பு

சிப்லி, ஷார்ட் காலத்தில் இவ்விரு பண்டிங்குகளும் மிக நெருங்கிய உடன்பிறப்புகள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. 2001-இல் ஜான் கிளிக்காவும் அவர் குழுவினரும் இப்பறவைகளின் மரபணு ஒன்றை ஒப்பிட்டபோது வியப்பான முடிவு வெளிப்பட்டது. லாசுலி பண்டிங்குக்கு மிக நெருங்கிய உறவு, இண்டிகோ பண்டிங் அன்று. பருத்த அலகுடைய நீல குரோஸ்பீக்! அலகின் பருமனைக் கொண்டு அதுவரை தனிப் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த நீல குரோஸ்பீக், பண்டிங்குகளின் பேரினமான பாசெரினாவில் சேர்க்கப்பட்டது. லின்னேயஸ் மூன்று அறைகளில் வைத்தவற்றுள் நீல குரோஸ்பீக்கும், வண்ணப் பண்டிங்கும், இண்டிகோ பண்டிங்கும் இன்று ஒரே அறையில் உள்ளன.

மாற்றம் இதோடு நிற்கவில்லை. செந்நிற டனேஜர் போன்ற சில பறவைகள் டனேஜர் குடும்பத்திலிருந்து கார்டினல் குடும்பத்துக்கு மாற்றப்பட்டன. மாறாக, தென் அமெரிக்காவில் 'கார்டினல்' என்றே அழைக்கப்படும் செங்கொண்டைப் பறவை, உண்மையில் டனேஜர் குடும்பத்தைச் சேர்ந்தது. வடக்கே வாழும் 'பைன் குரோஸ்பீக்', ரோஸ்மார்பு குரோஸ்பீக்குக்கு உறவே அன்று; அது பிஞ்ச் குடும்பம். கடினமான விதையை உடைக்க வேண்டிய தேவை எங்கெல்லாம் எழுந்ததோ, அங்கெல்லாம் பருத்த அலகு தனித்தனியே தோன்றியிருக்கிறது.

அலகு எவ்வளவு விரைவில் மாறக்கூடியது என்பதைக் கலாபகஸ் தீவுகளில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் கண்ணெதிரே கண்டனர். 1977-இல் கடும் வறட்சி நேர்ந்தபோது சிறு விதைகள் தீர்ந்துபோயின. பெரிய, கடினமான விதைகளை உடைக்க வல்ல பெரிய அலகுடைய பறவைகளே அதிகம் பிழைத்தன. அடுத்த தலைமுறையின் அலகும் பருத்தது. டார்வின் பெயரால் அழைக்கப்படும் அந்தப் 'பிஞ்ச்' பறவைகளும் மரபணுப்படி டனேஜர் குடும்பத்தவையே!

நம் கண்ணைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். பறவைகளின் கண், நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும் காண வல்லது. ஆணும் பெண்ணும் ஒரே நிறம் என்று நாம் கருதும் 139 பாடும் பறவை இனங்களின் இறகுகளைக் கருவியால் அளந்து 2005-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவற்றில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில், பறவையின் கண்ணுக்கு ஆணும் பெண்ணும் வேறுபட்டே தெரியும் என்பது அதன் முடிவு. நாம் 'நிறம்' என்று சொல்வதே பறவை காணும் நிறத்தின் ஒரு பகுதிதான்.

எண்ணத் தெரிந்தவர்கள்

நிறம் பாதி உண்மை சொன்னது. அலகு இன்னொரு பகுதி சொன்னது. பாட்டு சில இடங்களில் குழப்பிற்று. மரபணு உறவைத் திருத்திற்று. அப்படியானால் மரபணு வந்த பிறகு கண்ணால் பார்த்து இனங்காணும் கலைக்கு வேலையில்லையா? இங்கேதான் இவ்வரலாற்றின் மிக முக்கியமான பகுதி வருகிறது.

கிறிஸ்துமஸ் எண்ணிக்கையைப் பின்பற்றி, கூடுகட்டும் பருவத்தில் பறவைகளை எண்ணும் மற்றொரு திட்டம் 1966-இல் வட அமெரிக்காவில் தொடங்கிற்று. குறிப்பிட்ட சாலைகளில், குறித்த இடங்களில் நின்று, கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் ஆண்டுதோறும் தன்னார்வலர்கள் குறித்தார்கள். அவர்களிற் பலர் ஆசிரியர்கள், இல்லத்தரசிகள், ஓய்வு பெற்றவர்கள். இத்தகைய பதிவுகளைக் கூட்டிப் பார்த்த அறிவியலார் 2019-இல் ஓர் அதிர்ச்சியான முடிவை வெளியிட்டனர். 1970-ஐ ஒப்பிட, வட அமெரிக்கா ஏறத்தாழ 300 கோடி பறவைகளை இழந்துவிட்டது. நூற்றுக்கு 29 பங்கு குறைவு. புல்வெளிப் பறவைகளின் இழப்பு மிகக் கடுமையானது.

இந்த இழப்பைக் கண்டுபிடித்தது ஆய்வுக்கூடக் கருவி எதுவும் அன்று. சாலையோரம் நின்று, 'இது இண்டிகோ பண்டிங். அது டிக்சிஸ்ஸல்' என்று பிழையின்றிச் சொல்லத் தெரிந்த ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்களின் கண்களும் காதுகளுமே. வண்ணப் பண்டிங்கைக் களவாகப் பிடித்து விற்பது இன்றும் அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் அதைப் பிடிப்பவனைத் தடுக்கும் அதிகாரியும், அது குறைகிறதா என்று எண்ணும் ஆர்வலரும் முதலில் கற்க வேண்டியது ஒன்றே: அதன் பச்சைநிறப் பெடையைக் கண்டாலும் 'இது அதுவே' என்று சொல்லத் தெரிவது.

கேட்ஸ்பி தூரிகையோடு அலைந்த நாளிலிருந்து ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. பறவையைக் கொன்று பெயர் சொன்ன காலம் போய், பெயர் சொல்வதால் பறவையைக் காக்கும் காலம் வந்திருக்கிறது. பெயர் தெரியாத பறவை குறைந்து வருவதை எவரும் கவனிப்பதில்லை. அடுத்த முறை உங்கள் வீட்டு வேலியில் ஒரு குருவி வந்து அமரும்போது, அதன் நிறத்தோடு நிறுத்திவிடாமல் அலகையும் சிறகையும் பாட்டையும், அருகில் இருக்கும் மங்கலான துணையையும் சேர்த்துப் பாருங்கள். பார்த்ததைத் தேதியோடு குறித்து வையுங்கள். முந்நூறு ஆண்டுகளாகப் பலர் செய்து வந்த பணியில் உங்கள் பங்கு அங்கே தொடங்குகிறது.